பாடநூலுக்கு ஒரு துணைத்தளம்: அச்சுக்குப் போகும் முன் முடிக்க வேண்டியவை

கல்லூரிப் பாடநூல் எழுதும் ஆசிரியர்களுக்கும், நெல்லைப் பக்கம் சின்ன அளவில் பாடநூல் போடும் பதிப்பகத்தாருக்கும் இதை எழுதுகிறேன். புத்தகத்தோடு ஒரு இணையதளமும் இருந்தால் மாணவர்களுக்கு உதவுமே என்று தோன்றியிருக்கும்; எங்கே தொடங்குவது என்றுதான் தெரிந்திருக்காது. இளநிலைத் தாவரவியல் செய்முறை நூல் ஒன்றுக்கு நாங்கள் சிலர் சேர்ந்து இப்படி ஒரு தளம் அமைத்தோம். விவரம் சொல்ல ஆள் கிடைக்காமல் டிடிபி கடை, அச்சகம், கணினித் துறை என்று ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கினோம். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

தளத்தில் இருக்கும் எதையும் நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம். புத்தகத்தில் அச்சேறிய முகவரியை மட்டும் மாற்றவே முடியாது. அதனால் முகவரி என்ன, அது யார் பெயரில் இருக்கிறது என்ற இரண்டையும் அச்சுக்கு முன்பே தீர்த்துவிடுங்கள். பக்க அழகு, வண்ணம், படம் எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

1. தளத்தில் என்ன இருக்கும் என்று ஒரு தாளில் எழுதுங்கள்

முழுப் புத்தகத்தையும் பிடிஎஃப் ஆக்கி ஏற்றினால் அது துணைத்தளம் ஆகாது. பதிப்பாளரும் ஒப்ப மாட்டார். புத்தகத்தால் முடியாத வேலையைத் தளம் செய்ய வேண்டும். எங்கள் நூலில் அது தெளிவாகவே இருந்தது. வண்ணத்தில் அச்சிட்டால் விலை ஏறும், மாணவர் வாங்க மாட்டார் என்பதால் புத்தகம் முழுக்கக் கறுப்பு வெள்ளை. தண்டின் குறுக்குவெட்டில் சாஃப்ரனின் சாயம் ஏறி சைலம் (நீரைக் கடத்தும் திசு) சிவப்பாகத் தெரிவதைக் கறுப்பு வெள்ளையில் எப்படிக் காட்டுவது? அந்தப் படங்கள் எல்லாம் தளத்துக்குப் போயின.

உங்கள் பாடம் புள்ளியியலாக இருந்தால் கணக்குக்கான தரவுக் கோப்புகளைத் தளத்தில் வையுங்கள். பாபநாசம் அணைக்கு முழுக் கொள்ளளவு மட்டம் 143 அடி, மணிமுத்தாறுக்கு 118 அடி. தினசரி நீர்மட்டத்தை ஒரு வருடத்துக்குத் திரட்டி ஒரே அட்டவணையாகக் கொடுத்தால் சராசரியும் விலக்கமும் மாணவருக்குப் பழகிய ஊர்க் கணக்காகிவிடும். மத்திய அரசின் திறந்த தரவுத் தளத்தில் எடுப்பவற்றை, மூலத்தைக் குறிப்பிட்டு மறுபடி வெளியிட உரிமம் இருக்கிறது. வரலாறு என்றால் நிலப்படங்கள், மொழிப்பாடம் என்றால் ஒலிப்பதிவு. தாவரங்களின் இலத்தீன் பெயர்களை ஆசிரியர் குரலில் பதிவு செய்து போட்டோம். வாய்மொழித் தேர்வுக்கு முந்தின நாள் அதைத்தான் அதிகம் கேட்கிறார்கள்.

எந்தப் பாடமானாலும் பிழைத்திருத்தப் பக்கம் ஒன்று கட்டாயம் வேண்டும்.

பல்கலைக்கழக வினாத்தாள்களை ஸ்கேன் செய்து போடும் ஆசை எல்லோருக்கும் வரும். அவற்றுக்கும் உரிமையாளர் உண்டு. அதே பாணியில் சொந்தமாகக் கேள்வி எழுதுவது மேல். ஆசிரியராகிய உங்களுக்கு அது பெரிய காரியமும் இல்லை. பள்ளிப் பாடநூலுக்குத் தளம் அமைக்க நினைத்தால், அரசு நூல்களில் ஏற்கெனவே க்யூஆர் குறியீடு அச்சிட்டு மத்திய அரசின் தீக்ஷா கல்வித் தளத்தோடு இணைத்திருக்கிறார்கள் என்பதை மறக்காதீர்கள். பயிற்சிகள் நீங்கள் உருவாக்கலாம்; நூலின் படங்களையும் பாடத்தையும் எடுத்துப் போடக்கூடாது.

2. கையெழுத்து வாங்க வேண்டிய தாள்கள்

சலிப்பான வேலை, ஆனால் தள்ளிப்போட்டால் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

முதலில் பதிப்பாளரோடு போட்ட ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். ‘மின்னணு வடிவம்’ என்றோ ‘எல்லா வடிவங்களும்’ என்றோ ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், நூலில் உள்ள படத்தை உங்கள் தளத்தில் போடவே நீங்கள் அவரிடம் அனுமதி வாங்க வேண்டியிருக்கும், படம் நீங்களே வரைந்ததாக இருந்தாலும். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவு இதில் கைகொடுக்கும். உரிமையை மாற்றித் தருவது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எந்த உரிமை, எவ்வளவு காலம், எந்த இடத்துக்கு என்று குறிப்பிட வேண்டும். காலம் சொல்லாவிட்டால் 5 ஆண்டு என்றும், இடம் சொல்லாவிட்டால் இந்தியா என்றும் கொள்ளப்படும். வாய்ப்பேச்சில் ‘போட்டுக்கோங்க சார்’ என்று சொல்வதை நம்பி இறங்காதீர்கள். அதே பதிப்பாளரிடம் ஒரு பக்கக் கடிதம் கேளுங்கள். அதில் மூன்று விஷயம் போதும்: தளத்தில் என்னென்ன இருக்கும், முகவரி யார் பெயரில் இருக்கும், புத்தகம் அச்சில் இல்லாமல் போனால் தளம் என்ன ஆகும்.

அடுத்தது படங்கள். இணையத்தில் தேடி எடுத்த படத்துக்கு ‘நன்றி: கூகுள்’ என்று போடுவது அனுமதி ஆகாது. விக்கிமீடியா பொதுவகத்துப் படங்களைப் பயன்படுத்தலாம். எடுத்தவர் பெயரையும் உரிமத்தின் பெயரையும் படத்துக்குக் கீழேயே போட வேண்டும். மாணவர் எடுத்த படமென்றால் மாணவரிடமும் எழுதி வாங்குங்கள். களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தில் அனுமதி பெற்று எடுத்ததென்றால் அந்த அனுமதிக் கடிதத்தின் நகலும் அதே கோப்பில் இருக்கட்டும்.

ஐஎஸ்பிஎன் எண் தளத்துக்குத் தேவையில்லை. நூலையே மின்நூலாகவும் வெளியிட்டால் அதற்குத் தனி எண் வாங்க வேண்டும். இந்தியாவில் அது இலவசம். எண் வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்கும் ஆட்களைக் கண்டுகொள்ளாதீர்கள்.

3. முகவரி வாங்குவது

டாட் இன் முகவரி வருடத்துக்குச் சுமார் 500 முதல் 1,000 ரூபாய்க்குள் கிடைக்கும். அதற்கு மேல் 18% ஜிஎஸ்டி. முதல் வருடம் 99 ரூபாய் என்ற விளம்பரத்தைப் பார்த்து ஓடாதீர்கள். புதுப்பிக்கும் விலை என்ன என்று அதே பக்கத்தில் கீழே சின்ன எழுத்தில் இருக்கும். நீங்கள் வருடா வருடம் கட்டப்போவது அதைத்தான். ஒரே தடவையில் 10 ஆண்டு வரை பதியலாம். பாடத்திட்டம் எப்படியும் சில வருடத்தில் மாறும், ஆனால் பழைய புத்தகம் ஜூனியர் கைக்கு மாறிக்கொண்டே இருக்கும். என்னைக் கேட்டால் 5 ஆண்டுக்குக் குறைவாகப் பதியவே கூடாது.

பெயரைச் சின்னதாக வையுங்கள். தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் வைக்கும்போது கவனம் வேண்டும். ‘தாவரம்’ என்று சொல்லி எழுதச் சொன்னால் ஒரே வகுப்பில் நாலு விதமாக எழுதுவார்கள். வகுப்பில் ஒரு தடவை சொல்லி, எல்லோரும் ஒரே மாதிரி எழுதுகிறார்களா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். டாட் இந்தியா என்று தமிழிலேயே முடியும் முகவரியும் கிடைக்கிறது. கேட்கப் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அதை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டினால் பல நேரம் புரியாத ஆங்கில எழுத்துக் கூட்டமாக மாறிவிடும். மாணவர் அதை மோசடி இணைப்பு என்று நினைத்துத் தொடமாட்டார். முதன்மை முகவரியாக அதை வைக்க வேண்டாம்.

யார் பெயரில் வாங்குவது? கல்லூரி ஆய்வக உதவியாளர் பெயரில் வேண்டாம், தளம் கட்டித் தரும் பையன் பெயரில் வேண்டவே வேண்டாம். எனக்குத் தெரிந்த ஒரு நூலுக்கு, படிப்பு முடித்த மாணவர் ஒருவர் ஆர்வமாக முகவரி வாங்கித் தந்தார். அவர் பெங்களூரு போய் எண்ணை மாற்றிவிட்டார். புதுப்பிக்கச் சொல்லும் மின்னஞ்சல் யாரும் திறக்காத பெட்டிக்குப் போய்க்கொண்டே இருந்தது. காலாவதியான முகவரியைச் சூதாட்டத் தளம் நடத்துபவர்கள் வாங்கிக்கொள்வது சாதாரணமாக நடப்பது. பாடநூலில் உள்ள க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால் ரம்மி திறக்கிற நிலையை யோசித்துப் பாருங்கள், அதுவும் கல்லூரி முதல்வர் அறையில்.

ஆசிரியர் பெயரிலோ பதிப்பகத்தின் பெயரிலோ இருக்கட்டும். ஆதார் அல்லது பான் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அடையாளச் சரிபார்ப்பு கேட்பார்கள். கல்லூரி கொடுத்த மின்னஞ்சலைத் தர வேண்டாம், பணி ஓய்வு பெற்றதும் அது மூடிப்போகும். சொந்த மின்னஞ்சல், இன்னொருவருடையது மாற்றாக. தானாகப் புதுப்பிக்கும் வசதியை மட்டும் நம்பியிராதீர்கள். அட்டை மாறினாலோ, வங்கியில் அந்தத் தானியங்கிக் கட்டணத்துக்கு ஒப்புதல் இல்லாவிட்டாலோ பணம் போகாது. காலண்டரில் குறித்துவைத்துக் கையால் கட்டுங்கள்.

4. தளம் எங்கே இருக்கும்

துணைத்தளத்துக்கு வேர்ட்பிரஸ் என்ற தளம் கட்டும் மென்பொருள் தேவையில்லை என்பது என் கருத்து. அதைப் பழகியவர்கள் அடித்துச் சொல்வார்கள், அதுதான் எளிது என்று. தொடக்கத்தில் எளிதுதான். ஆனால் மாதா மாதம் அதையும் அதன் செருகுநிரல்களையும் (கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் சின்ன மென்பொருள்கள்) புதுப்பிக்க ஆள் வேண்டும். விட்டால் யாராவது உள்ளே புகுந்து விளம்பரம் போட்டுவிடுவார்கள். ஆசிரியருக்கு விடைத்தாள் திருத்தவே நேரமில்லை.

வெறும் கோப்புகளாகவே இருக்கும் நிலையான பக்கங்களாக எழுதி, கிட்ஹப் பேஜஸ் என்ற தள இட வசதியில் வைத்தால் இடத்துக்குச் செலவே கிடையாது. தளம் மொத்தம் 1 ஜிபி வரை இருக்கலாம், மாதத்துக்கு 100 ஜிபி வரை தரவு போகலாம். ஒரு பாடநூலுக்கு இது தாராளம். தளம் பாதுகாப்பானது என்று உலாவிக்குக் காட்டும் பாதுகாப்புச் சான்றிதழும் இலவசமாகவே வந்துவிடும். அங்கே கடை நடத்த அனுமதியில்லை, ஆகவே புத்தக விற்பனையைப் பதிப்பாளர் தளத்துக்கு இணைப்பாகக் கொடுங்கள். கணக்குத் திறந்ததும் இரண்டடுக்குச் சரிபார்ப்பை (கடவுச்சொல்லோடு இன்னொரு சரிபார்ப்பு) அமைத்துவிடுங்கள். அப்போது மீட்புக் குறியீடுகள் என்று சில எண்களைத் தருவார்கள். அதைத் தாளில் அச்செடுத்துப் பீரோவில் வையுங்கள். கைபேசி தொலைந்த அன்று அந்தத் தாள்தான் காப்பாற்றும்.

வீடியோவை இங்கே ஏற்றாதீர்கள். யூடியூபில், பட்டியலில் தெரியாதபடி போட்டு இணைப்பை மட்டும் கொடுங்கள்.

கணினித் துறையில் யாரும் கைகொடுக்காமல் வெளியாளிடம் கொடுப்பதாக இருந்தால், ‘தளம் முடிந்ததும் எல்லாக் கோப்புகளும் கடவுச்சொற்களும் எங்களிடம்’ என்ற வரியை விலைப்புள்ளியிலேயே எழுதி வாங்குங்கள்.

5. பழைய எழுத்துருவை யூனிகோடுக்கு மாற்றுவது

நேரம் எதிர்பாராமல் போவது இதில்தான். எந்தக் கருவியிலும் ஒரே மாதிரி படிக்கப்படும் பொது எழுத்துக் குறிமுறைதான் யூனிகோடு; தளத்துக்கு அதுதான் வேண்டும். பாளையங்கோட்டையிலும் நெல்லை ஜங்ஷனிலும் பல டிடிபி கடைகளில் இன்னும் பேஜ்மேக்கரும் பாமினி, வானவில், ஸ்ரீலிபி போன்ற எழுத்துருக்களும்தான். அந்தக் கோப்பிலிருந்து நகலெடுத்துத் தளத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாக வரும். என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற இலவச மென்பொருளில் மாற்றலாம். ஆனால் மொத்தக் கோப்பையும் ஒரே மூச்சில் மாற்றாதீர்கள். நடுவில் ஆங்கில எழுத்தில் இருக்கும் தாவரப் பெயர்கள், வேதிக் குறியீடுகள், அலகுகள் எல்லாவற்றையும் தமிழ் என்று நினைத்து அது மாற்றிவிடும். வேப்பமரத்தின் அறிவியல் பெயர் இருந்த இடத்தில் வாயில் நுழையாத தமிழெழுத்துகள் வரிசையாக நிற்கும். ஆங்கிலச் சொற்களை முதலில் தனியாக எடுத்து வைத்துவிட்டு, பத்தி பத்தியாக மாற்றி, அப்புறம் திரும்பச் சேருங்கள்.

மாற்றிய பிறகு மூன்று இடத்தைப் பாருங்கள். துணைக்காலும் ‘ர’வும் ஒன்றுக்கொன்று மாறியிருக்கும். ஔகாரக் குறியின் பின்பாதி ‘ள’ என்ற தனி எழுத்தாகப் பிரிந்திருக்கும். கண்ணுக்குச் சரியாகத் தெரியும், தேடினால் சொல் கிடைக்காது. ஒற்றைக் கொம்பு, எழுத்துக்கு முன்னால் தனியாக நிற்கும். பக்கத்துக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற இலவச உரிம எழுத்துரு போதும். டிடிபி கடைக்காரரின் எழுத்துருவை வாங்கித் தளத்தில் ஏற்ற வேண்டாம், அதற்கான உரிமம் அவரிடமே இருக்காது.

6. படங்கள்

திறப்பது கைபேசியில். நாங்குநேரி, ராதாபுரம் பக்கத்து ஊரிலிருந்து வரும் பிள்ளை பேருந்தில் உட்கார்ந்து பார்ப்பாள். 5 எம்பி படம் அங்கே திறக்காது. ஒரு படம் 200 கேபிக்குள் இருக்கும்படி சுருக்குங்கள். நுண்ணோக்கிப் படத்துக்கு மட்டும் பெரிய கோப்பைத் தனி இணைப்பாகக் கொடுங்கள்.

கைபேசியில் எடுத்த படத்துக்குள் எடுத்த இடத்தின் ஜிபிஎஸ் எண்கள் ஒளிந்திருக்கும். காட்டில் எடுத்த அரிய ஆர்க்கிட்டின் படத்தை அப்படியே ஏற்றினால், செடி எங்கே நிற்கிறது என்று பிடுங்கி விற்பவனுக்கு வழி சொன்ன மாதிரி ஆகும். ஏற்றும் முன் அந்த விவரத்தை நீக்குங்கள்.

ஒவ்வொரு படத்துக்கும் மாற்று உரை எழுதுங்கள், தமிழில். ‘படம் 3.2’ என்று எழுதுவதில் பயனில்லை. ‘சூரியகாந்தித் தண்டின் குறுக்குவெட்டு, வாஸ்குலார் கற்றைகள் வளையமாக அமைந்துள்ளன’ என்று எழுதினால் பார்வையற்ற மாணவர் திரைவாசிப்பானில் கேட்டுப் புரிந்துகொள்வார். பார்வையற்றோருக்கான பள்ளி பாளையங்கோட்டையிலேயே இருக்கிறது, அங்கிருந்து கல்லூரிக்கு வருபவர்கள் உங்கள் வகுப்பிலும் இருக்கலாம். என்விடிஏ என்ற இலவச திரைவாசிப்பான் தமிழ் படிக்கும். ஒரு தடவை நீங்களே கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பாருங்கள்.

7. க்யூஆர் கோடு

இதில் நிதானமாக இருங்கள், அச்சேறிவிட்டால் திருத்த வழியில்லை.

இலவசமாகக் குறியீடு தரும் தளங்களில் ‘டைனமிக்’ என்று ஒன்று உண்டு. அது உங்கள் முகவரிக்கு நேரே போகாமல் அவர்கள் தளம் வழியாகப் போகும். சோதனைக்காலம் முடிந்ததும் பணம் கட்டச் சொல்லி நிற்கும். புத்தகத்துக்கு அது ஆகாது. உங்கள் சொந்த முகவரியை நேரடியாகக் குறியீடாக்கும் ‘ஸ்டாட்டிக்’ வகையே வேண்டும். நாளைக்குப் பக்கத்தை மாற்றும் வசதி போய்விடுமே என்கிறீர்களா? அதற்கு வழி, அத்தியாயத்துக்கு ஒரு சின்ன முகவரி: தளப்பெயர், சாய்கோடு, அத்தியாய எண். அந்தப் பக்கத்திலிருந்து எங்கே வேண்டுமானாலும் நீங்களே திருப்பிவிட்டுக்கொள்ளலாம்.

முகவரி சின்னதாக இருந்தால் இன்னொரு லாபமும் உண்டு. 20 எழுத்துக்குள் அடங்கினால் குறியீடு 25க்கு 25 கட்டத்தில் முடியும். 100 எழுத்துக்கு 41க்கு 41 ஆகிவிடும், அதே அளவு இடத்தில் ஒவ்வொரு புள்ளியும் பொடியாகும். இது ஏன் முக்கியம் என்றால், உங்கள் புத்தகத்தைப் பாதிப் பேர் ஜெராக்ஸில்தான் படிக்கப்போகிறார்கள். ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்த தாளில் பொடிப் புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதனால் 2 செ.மீ. போதும் என்று மற்றவர்கள் சொன்னாலும் நீங்கள் 2.5 செ.மீ. வையுங்கள். சுற்றிலும் நாலு புள்ளி அகலத்துக்கு வெள்ளை இடம் விட வேண்டும். பக்கம் அமைப்பவர், “சார், இந்தக் கட்டத்தைக் கொஞ்சம் சின்னதாக்கினா கீழ ரெண்டு வரி ஏறும்லா” என்பார். விட்டுக்கொடுக்காதீர்கள்.

குறியீட்டை, எந்த அளவிலும் ஓரம் மங்காத வெக்டர் கோப்பாகக் கொடுங்கள், ஜேபெக் வேண்டாம். வண்ண அச்சென்றால் கறுப்பு ஒரே தகட்டில் வர வேண்டும் என்று அச்சகத்தில் சொல்லுங்கள், நாலு தகட்டில் வந்து சற்றே விலகினாலும் ஓரம் மங்கிவிடும். குறியீட்டுக்குக் கீழே முகவரியை எழுத்திலும் அச்சிடுங்கள். புரூஃப் தாள் வந்ததும் அதை எடுத்துக்கொண்டு கல்லூரி வாசல் ஜெராக்ஸ் கடைக்குப் போய், நகலுக்கு நகல் மூன்று தலைமுறை எடுத்து, பழைய கைபேசி ஒன்றில் ஸ்கேன் செய்து பாருங்கள். சில ரூபாய்ச் செலவு.

8. மாணவர் விவரம், ஆசிரியர் விடைகள்

சுயதேர்வு வைக்கும்போது பெயர், கைபேசி எண், பதிவெண் எதுவும் கேட்காதீர்கள். 2023ஆம் ஆண்டு மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயது நிரம்பாதவர் குழந்தை. பெற்றோர் ஒப்புதல் வேண்டும். முதலாண்டு மாணவரில் 17 வயதுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். கூகுள் படிவம் என்றால் மின்னஞ்சல் திரட்டும் அமைப்பை அணைத்துவிடுங்கள்.

ஆசிரியர்களுக்கான விடைக்குறிப்பைத் தளத்தில் ‘ரகசிய’ இணைப்பாக வைக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். அன்று சாயங்காலமே வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் இருக்கும். கேட்கும் ஆசிரியருக்கு மின்னஞ்சலில் தனியாக அனுப்புங்கள்.

9. நாள் கணக்கு

ஜூனில் கல்லூரி திறக்கும்போது புத்தகம் கடையில் இருக்க வேண்டுமென்றால், கோப்பு ஏப்ரல் கடைசிக்குள் அச்சுக்குப் போக வேண்டும். முகவரி பிப்ரவரியிலேயே கையில் இருக்கட்டும். வாங்கிய முகவரி எல்லா இடத்திலும் திறக்க 48 மணி நேரம் வரை ஆகலாம், சான்றிதழுக்கு இன்னொரு நாள். அடையாளச் சரிபார்ப்பில் பெயர் ஓர் எழுத்து மாறினால் இன்னும் இழுக்கும். எழுத்துரு மாற்றத்துக்கு ஒரு மாதம் ஒதுக்குங்கள். டிசம்பர் பருவத்துக்கான நூலைச் சிவகாசியில் அடிப்பதாக இருந்தால் இன்னும் முன்னால் போங்கள். ஆடி கழிந்தால் அங்கே காலண்டர், டைரி வேலை குவிந்துவிடும்.

அச்சுக்குப் போகும் நாளில் எல்லா அத்தியாயப் பக்கமும் திறக்க வேண்டும். உள்ளே ‘விரைவில்’ என்று ஒரு வரி மட்டும் இருந்தாலும் பரவாயில்லை. பக்கம் கிடைக்கவில்லை என்று வரக்கூடாது. கூகுள் தேடலில் தளத்தைப் பதிவதும் இலவசம்தான், அதை வகுப்பு தொடங்கிய பிறகு செய்தால் போதும்.

10. புத்தகம் வெளியே போன பிறகு

பிழைத்திருத்தப் பக்கத்தில் ஒவ்வொரு திருத்தத்தோடும் பதிப்பு, அச்சு, பக்கம், வரி, திருத்திய தேதி ஐந்தையும் போடுங்கள். இரண்டாம் அச்சில் பக்க எண் நகர்ந்திருந்தால் முதல் அச்சுக்காரர் குழம்புவார். புதிய பதிப்பு வந்தாலும் பழைய பக்கங்களை அழிக்காதீர்கள், ஜங்ஷன் பழைய புத்தகக் கடையில் அந்தப் புத்தகம் இன்னும் விற்றுக்கொண்டிருக்கும்.

வெளித்தளங்களுக்குக் கொடுத்த இணைப்புகளை ஒவ்வொரு ஜூனிலும் ஒரு தடவை தட்டிப் பாருங்கள். முக்கியமானவற்றை இணையப் பக்கங்களின் நகலைச் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவில் முன்பே சேமித்து வைத்தால், மூலத்தளம் போனாலும் அந்த நகலுக்கு இணைப்பை மாற்றிவிடலாம். முகவரிக் கணக்கு, கிட்ஹப் கணக்கு, மீட்பு மின்னஞ்சல் மூன்றின் விவரத்தையும் ஒரு உறையில் போட்டு ஒட்டி, இணை ஆசிரியரிடம் ஒன்றும் பதிப்பாளரிடம் ஒன்றுமாகக் கொடுத்துவிடுங்கள். கடவுச்சொல் மாற்றினால் உறையையும் மாற்ற வேண்டும்.